மடக்குக் கத்திக்கும் ஒரு வீடு வேண்டும்



நமது தோட்டங்களில் கத்தி இல்லாத வீடு கிடையாது. அடுப்படிக்கு ஒன்று, விறகுக்கு ஒன்று, கவ்வாத்துக்கு ஒன்று என்று எப்படியும் இரண்டு மூன்று இருக்கும். இவற்றோடு மடக்குக் கத்தியும் இப்போது பலரது கையில் வந்து சேர்ந்திருக்கிறது. இதில் அலகு மட்டும் இருப்பதில்லை. ஸ்க்ரூ டிரைவர், தகரம் திறப்பான், போத்தல் திறப்பான், தமர், சில வகைகளில் குறடு, சிறிய வாள் எல்லாம் ஒரே பிடிக்குள் மடங்கியிருக்கும். இக்கட்டுரையில் இதைப் 'பலவேலைக் கத்தி' என்று சொல்வோம்.

இதன் உபயோகத்தைப் பற்றி உங்களுக்கு நாம் சொல்லித் தரத் தேவையில்லை. உரச் சாக்கின் தையலைப் பிரிக்க, கூடைக் கயிற்றை அறுக்க, மருந்தடிக்கும் மெஷினில் தளர்ந்த ஆணியை இறுக்க, லயத்துப் பின்னால் போட்ட லீக்ஸ், கோவாவை அறுக்க, முச்சக்கர வண்டியின் சிறு பழுதைப் பார்க்க என்று நாளுக்குப் பத்துத் தடவை கை அதைத் தேடும்.

ஆனால் கத்தி வாங்கும் போது அலகு கூரா, விலை எவ்வளவு, எத்தனை கருவி இருக்கிறது என்று பார்க்கும் நாம், அதை உடம்பில் எங்கே வைத்துக்கொண்டு நாள் முழுக்க நடப்பது என்று யோசிப்பதில்லை. அங்கேதான் தொல்லை ஆரம்பிக்கிறது. கொண்டுபோக வசதியில்லாத கத்தி ஒன்றில் உடம்பைக் குத்தும். அல்லது "இது என்னடா இம்சை" என்று இஸ்தோப்பிலோ மரத்தடியிலோ கழற்றி வைக்கப்படும். அங்கே அதை முதலில் கண்டெடுப்பது பெரும்பாலும் ஒரு சின்னப் பிள்ளை.

எனவே வசதியும் பத்திரமும் வேறு வேறல்ல. கத்திக்குப் பகலில் உடம்பில் ஒரே ஓர் இடம், இரவில் வீட்டில் ஒரே ஓர் இடம். இந்த இரண்டையும் அமைத்துக்கொண்டால் பாதி ஆபத்து விலகிவிடும். அதை எப்படி அமைப்பது என்று பார்ப்போம்.

இந்தக் கத்தி வந்த கதை

1884 ஆம் ஆண்டில் சுவிற்சர்லாந்து நாட்டின் ஈபாக் என்ற ஊரில் கார்ல் எல்செனர் என்பவர் கத்திப் பட்டறை ஒன்றைத் தொடங்கினார். 1891 இல் தமது நாட்டு இராணுவத்துக்குச் சிப்பாய்க் கத்திகளைச் செய்து கொடுத்தார். அலகு, தமர், தகரம் திறப்பான், ஸ்க்ரூ டிரைவர் என நான்கு கருவிகள் அதில் இருந்தன. துப்பாக்கியைக் கழற்றிப் பூட்டவும் தகரத்தில் அடைத்த உணவைத் திறக்கவும் அது உதவியது. உறுதியான கத்திதான், ஆனால் பாரம். ஆகவே இன்னும் இலேசான, கூடுதல் கருவிகள் கொண்ட ஒரு கத்தியை அவரே வடிவமைத்து 1897 இல் பதிவு செய்தார். இன்று சிவப்புப் பிடியில் வெள்ளைச் சிலுவையோடு உலகம் முழுவதும் தெரிந்த கத்தி அதன் வழி வந்ததுதான்.

குறடு வைத்த வகை பிற்காலத்தது. டிம் லெதர்மன் என்ற அமெரிக்கர் 1975 இல் பழைய கார் ஒன்றில் ஐரோப்பாவைச் சுற்றிப் பயணம் செய்தார். வழியில் கார் பழுதாகும் போதெல்லாம் கையிலிருந்த மடக்குக் கத்தி போதவில்லை, ஒரு குறடும் வேண்டியிருந்தது. ஊர் திரும்பிப் பல வருடம் பாடுபட்டுத் தமது கருவியை 1983 இல் விற்பனைக்குக் கொண்டுவந்தார். மடக்கினால் 4 அங்குலம்தான். ஆனாலும் சட்டைப் பைக்கு அது பாரமென்பதால் பெல்ட்டில் மாட்டும் உறையோடு சேர்த்தே விற்றார்கள்.

செய்தவர்களே முதலில் கவலைப்பட்டது 'இதை எப்படிக் கொண்டு நடப்பது' என்பதைப் பற்றித்தான் என்று இதிலிருந்து விளங்கும்.

எந்த அளவு போதும்?

கடைகளில் கிடைப்பவற்றைப் பொதுவாக மூன்றாகப் பிரிக்கலாம்.

1. சிறியது: மடக்கினால் சுமார் 6 சென்ரிமீற்றர், பாரம் 20 கிராம் அளவு. திறப்புக் கோர்வையில் மாட்டலாம். நூல் அறுக்க, பார்சல் பிரிக்க, நகம் வெட்டப் போதும்.

2. நடுத்தரம்: மடக்கினால் சுமார் 9 சென்ரிமீற்றர், பாரம் 60 முதல் 100 கிராம் வரை. மலை வேலைக்கும் வீட்டு வேலைக்கும் இது மிகவும் ஏற்றது.

3. குறடு வைத்தது: மடக்கினால் சுமார் 10 சென்ரிமீற்றர், பாரம் 140 முதல் 250 கிராம் வரை. மெஷின் திருத்துபவர், வாகனம் ஓட்டுபவர், தண்ணீர்க் குழாய் வேலை செய்பவர் ஆகியோருக்கு மட்டும் தேவை.

250 கிராம் என்பது 100 கிராம் சவர்க்காரக் கட்டி இரண்டரையின் பாரம். அதைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு ஒரு நாள் முழுக்க ஏற்றமும் இறக்கமும் நடந்தால் எப்படியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். "நெறய சாமான் இருக்கிறதுதான் நல்ல கத்தி" என்று நினைக்க வேண்டாம். ஒரு வாரத்தில் நீங்கள் தொடாத கருவி எத்தனை என்று எண்ணிப் பார்த்தால், அவ்வளவையும் வீணாகச் சுமந்தது தெரியும்.

வாங்கும் போது இன்னுமொரு சோதனை செய்யுங்கள். கத்தியை மடக்கி, வாய்ப்பக்கம் கீழே இருக்கும்படி மேசைக்கு மேல் பிடித்து நன்றாக உதறுங்கள். அலகு கொஞ்சமாவது எட்டிப் பார்த்தால் அதன் வில்லு தளர்ந்தது என்று அர்த்தம். அந்தக் கத்தி பைக்குள் தானாகத் திறக்கும். தேடப் போகும் கைதான் வெட்டுப்படும். எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் அது வேண்டாம்.

உடம்பில் எங்கே வைப்பது?

சட்டைப் பை. குனிந்தால் விழுந்துவிடும். கான் வெட்டும் போதும் புல் சுரண்டும் போதும் நாம் நிமிர்ந்து நிற்கும் நேரம் குறைவு. சிறிய கத்தி என்றால், பைக்கு ஒரு பொத்தான் வைத்துத் தைத்துக்கொண்டு வைக்கலாம். மற்ற இரண்டு வகைக்கும் இது இடமல்ல.

களிசானின் முன் பை. பலரும் இங்கேதான் போடுகிறார்கள். சும்மா போட்டால் கத்தி குறுக்காகக் கிடந்து, அடி எடுத்து வைக்கும் போதெல்லாம் தொடையில் இடிக்கும். கொஞ்ச நாளில் பை கிழியும். சில்லறையும் திறப்பும் சேர்ந்து அதைக் கீறும். இதற்கு ஒரு சுலபமான வழி உண்டு. பைக்குள்ளேயே, வெளிப்பக்க ஓரமாக, மேலிருந்து கீழாக ஒரு தையல் போட்டு 2 அங்குல அகலத்தில் தனி அறை ஒன்றைப் பிரித்துவிடுங்கள். கத்தி அதில் நட்டுக்க நிற்கும், ஆடாது. கையை விட்டால் நேராகப் பிடி அகப்படும். உள்தொடைப் பக்கம் வேண்டாம். அவ்வழியாகத்தான் காலுக்கு இரத்தம் கொண்டுபோகும் பெரிய குழாய் ஓடுகிறது. அங்கே பட்ட வெட்டு உயிரைக் குடிக்கும்.

பின் பை. இது வேண்டவே வேண்டாம். தடித்த பொருளைப் பின் பையில் வைத்து நெடுநேரம் உட்கார்ந்தால் இடுப்பு ஒரு பக்கமாகச் சரியும். பிட்டத்தின் வழியாகக் காலுக்குப் போகும் பெரிய நரம்பு நசுங்கிக் கால் விறைக்கும், நோவெடுக்கும். தடித்த பணப்பையைப் பின்னால் வைத்து வாகனம் ஓட்டுபவர்களுக்கும் இதே வியாதிதான் வருகிறது. ஈர மலையில் சறுக்கி விழுந்தால் அந்த இரும்புக் கட்டியின் மேலேயே விழுவோம். பஸ்ஸில் நெருக்கத்தில் யார் உருவினாலும் தெரியவும் மாட்டாது.

பெல்ட். நடுத்தரக் கத்திக்கும் குறடு வைத்த கத்திக்கும் இதுவே சிறந்த இடம். உறை ஒன்றில் போட்டு, வேலை செய்யும் கைப்பக்கம், இடுப்பெலும்புக்குச் சற்றுப் பின்னால் மாட்டுங்கள். முன்னால் மாட்டினால் குனியும் போது வயிற்றில் குத்தும். முதுகின் நடுவில் மாட்டினால் விழும் போது முள்ளந்தண்டில் அடிக்கும். பக்கவாட்டில் இருந்தால் உட்காரவும் தடையில்லை, ஏறவும் தடையில்லை.

சாரம். சாரத்தின் மடிப்பில் செருகுவது பழைய பழக்கம். ஆனால் மடிப்பு தளர்ந்தால் கத்தி நேராகப் பாதத்தில் விழும். சாரத்துக்கு மேல் கட்டும், பணப்பை வைத்த அகலமான பெல்ட்டை நம்மில் பல பெரியவர்கள் இன்றும் கட்டுகிறார்கள். அதைவிட நல்ல ஏற்பாடு கிடையாது. ஒரு பையில் காசு, மறு பையில் கத்தி என்று பிரித்து வைத்துக்கொள்ளுங்கள்.

கயிற்றில் கோர்ப்பது. கத்தியின் வளையத்தில் கயிறு கட்டிக் கழுத்தில் தொங்கவிடுவதைச் சில இளைஞர்கள் நாகரிகமாகக் கருதுகிறார்கள். தேயிலை வாதிலோ மரக்கிளையிலோ கயிறு மாட்டினால் கழுத்து இறுகும். கயிறு தேவையென்றால் ஒரு சாண் நீளத்தில் கட்டி, உறையிலிருந்து இழுத்தெடுக்க மட்டும் பயன்படுத்துங்கள். சிவப்பு அல்லது மஞ்சள் கம்பளி நூலாக இருந்தால் இன்னும் நல்லது. தேயிலைச் செடிக்கடியில் விழுந்த கத்தி கண்ணில் படவே படாது. பளிச்சென்ற நூல் அதைக் காட்டிக்கொடுக்கும். நீங்கள் தொலைத்த கத்தி இன்னொருவர் காலில் ஏறாமல் இருக்கவும் அது உதவும்.

பெண்களுக்கு

பெல்ட் மாட்டு, பின் பை, முன் பை என்று நாம் சொன்னதெல்லாம் பெரும்பாலும் ஆண்களின் உடுப்பை வைத்துத்தான். ஆனால் கொழுந்து மலையில் நாள் முழுக்க நிற்பவர்கள் பெண்கள். அவர்களது உடுப்பில் பை கிடையாது. முதுகில் கூடை, தலையில் கயிறு, இடுப்பில் படங்கு. இதற்கிடையில் கத்திக்கு இடம் எங்கே?

இதற்கு விடை நமது பாட்டிமாரிடம் இருக்கிறது. இடுப்பில் செருகிய சுருக்குப்பைக்குள் வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்பு, பாக்குவெட்டி எல்லாவற்றையும் வைத்துக்கொண்டு அவர்கள் ஏறாத மலையா? பாக்குவெட்டியை மடக்கி, துணியில் சுற்றி, பையின் வாயை இறுக்கிக் கட்டி, இடுப்பின் பக்கவாட்டில் வைத்தார்கள். அதே முறையைத் தாராளமாகக் கையாளலாம்.

கூடை முதுகிலிருப்பதால் பின்னிடுப்பு உதவாது. படங்குக்கு உட்புறமாக, இடுப்பின் பக்கத்தில், சற்று முன்தள்ளி ஒரு துணிப்பட்டியைக் கட்டி அதில் உறையைக் கோர்த்துக்கொள்ளுங்கள். படங்கு மேலே மூடுவதால் மழையும் படாது, வாதும் மாட்டாது. உள்பாவாடையின் பக்கத்தில் பை வைத்துத் தைத்துக்கொள்வதும் நல்லது. சிறிய அல்லது நடுத்தரக் கத்திக்கு அது போதும். வெறும் கத்தியை ரவிக்கைக்குள்ளோ கூடைக்குள்ளோ போடக் கூடாது. கூடைக்குள் போட்ட கத்தி கொழுந்தோடு சேர்ந்து மடுவத்துக்கும் அங்கிருந்து தொழிற்சாலைக்கும் போய்விட்டால் பொருளும் கெடும், ஆளுக்கும் ஆபத்து.

கர்ப்பிணித் தாய்மார் இடுப்பில் எதையும் இறுக்கிக் கட்ட வேண்டாம். கத்தியைக் கூட வேலை செய்பவரிடம் கொடுத்துவிடுங்கள்.

தொழிற்சாலையில் வேலை செய்பவர்களுக்கு

கொழுந்து உருட்டும் இயந்திரம், சுழலும் பட்டி, சல்லடை இவற்றின் அருகே தொங்கும் எந்தப் பொருளும் எமன்தான். கத்தியின் கயிறு, சங்கிலி, கிளிப் எதுவானாலும் இயந்திரம் பிடித்தால் ஆளையும் சேர்த்தே இழுக்கும். ஆகவே கயிற்றைக் கழற்றிவிட்டு, மூடியுள்ள உறையில் மட்டும் வையுங்கள். இயந்திரத்துக்கு மேல் குனிய வேண்டிய இடங்களில் கத்தியைப் பெட்டியில் வைத்துவிட்டுப் போவதே மேல்.

மின்சாரம் பற்றியும் ஒரு வார்த்தை. பலவேலைக் கத்தியின் குறடும் பிடியும் பெரும்பாலும் முழு இரும்பு. மின்சார வேலைக்கான குறட்டில் இருக்கும் காப்பு உறை இதில் இல்லை. "ஒரு வயர்தானே" என்று லயத்துக் காம்பராவில் வயரைச் சுரண்டப் போனவர் உயிரோடு திரும்பாமல் போகலாம். கையோடு கத்தி இருக்கிறது என்பதற்காக எல்லா வேலைக்கும் அதை எடுக்கக் கூடாது.

உறையை வீட்டிலேயே தைக்கலாம்

கடை உறைக்குக் காசு கொடுக்க வேண்டியதில்லை. பழைய ஜீன்ஸ் களிசானின் கால் துண்டு ஒன்று இருந்தால் போதும். நடுத்தரக் கத்திக்கான அளவு இது.

1. 12 அங்குல நீளம், 3 அங்குல அகலத்தில் ஒரு துண்டும், 5 அங்குல நீளம், ஒன்றரை அங்குல அகலத்தில் இன்னொரு துண்டும் வெட்டிக்கொள்ளுங்கள்.

2. பெரிய துண்டின் இரண்டு குறுகிய ஓரங்களையும் மடித்துத் தையுங்கள்.

3. சிறிய துண்டின் நீள ஓரங்களை மடித்துத் தைத்துப் பட்டியாக்குங்கள். பெரிய துண்டின் நடுப்பகுதியில், துணியின் நல்ல பக்கத்தில், அந்தப் பட்டியின் மேல் நுனியையும் கீழ் நுனியையும் மட்டும் அழுத்தித் தையுங்கள். இடையில் பெல்ட் நுழைய வேண்டும். இந்த இடம் உறையின் முதுகாக வரும்.

4. நல்ல பக்கம் உள்ளே இருக்கும்படி கீழ் ஓரத்தை 4 அங்குலம் மேலே மடியுங்கள். இரண்டு பக்கமும் அரை அங்குலம் விட்டு இரட்டைத் தையல் போடுங்கள்.

5. திருப்பிப் போட்டால் 4 அங்குல ஆழமும் 2 அங்குல அகலமும் கொண்ட பை கிடைக்கும். மேலே மிஞ்சியிருப்பது மூடி. அதன் ஓரங்களை மடித்துத் தைத்து, பொத்தானோ வெல்குரோவோ வையுங்கள்.

குறடு வைத்த கத்திக்கு நீளத்தில் ஓர் அங்குலமும் அகலத்தில் அரை அங்குலமும் கூட்டிக்கொள்ளுங்கள். மடிக்கும் ஆழத்தையும் நாலரை அங்குலமாக்குங்கள்.

உறை சரியா என்று பார்க்க ஒரு வழி: கத்தியைப் போட்டு மூடியைத் திறந்தபடி தலைகீழாகப் பிடியுங்கள். கத்தி தானாக விழக் கூடாது. அதே நேரம் இரண்டு விரலால் இழுத்தால் வர வேண்டும். "வேலைக்குப் போற அவசரத்துல உறையெல்லாம் யாரு தேடுறது?" என்று கேட்பவர்களுக்கு நமது பதில் இதுதான்: உறையைப் பெல்ட்டிலிருந்து கழற்றவே வேண்டாம். பெல்ட்டைக் கட்டும் போது உறையும் கூடவே வரும்.

கவ்வாத்துக் கத்தி

மடக்க முடியாத கத்திக்கு உறை இன்னும் அவசியம். தோளில் வைத்துக்கொண்டும், கக்கத்தில் இடுக்கிக்கொண்டும் ஒற்றையடிப் பாதையில் வரிசையாகப் போவதைப் பார்க்கிறோம். முன்னால் போகிறவர் சறுக்கினால் பின்னால் வருபவரின் முகம் அலகுக்கு நேராக இருக்கும்.

பழைய தண்ணீர்க் குழாய் ஒன்றில் அலகின் நீளத்துக்கு ஒரு துண்டு வெட்டி, நீளவாக்கில் ஒரு பக்கம் பிளந்து, கூர்ப்பக்கத்தில் கவிழ்த்து மாட்டுங்கள். சைக்கிள் டியூபிலிருந்து வெட்டிய இரண்டு வளையங்களைப் போட்டால் அது கழலாது. நடக்கும் போது கத்தியைக் கீழே தொங்கும் கையில், பள்ளத்துப் பக்கமாக, கூர் உடம்பைப் பார்க்காமல் பிடியுங்கள். விழுவது போலிருந்தால் கத்தியைப் பள்ளத்துப் பக்கம் விட்டெறிய வசதியாக இருக்கும். ஆளுக்கு ஆள் இரண்டு பாகமாவது இடைவெளி விடுங்கள்.

உபயோகித்த கையோடு மடக்குங்கள்

மலையில் எந்த நேரம் என்ன வரும் என்று சொல்ல முடியாது. குளவி கலைந்தால் எல்லாரும் விழுந்தடித்து ஓடுவோம். அப்போது கையிலோ இடுப்பிலோ திறந்த கத்தி இருந்தால், குளவி கொட்டியதைவிடக் கத்தி குத்தியது பெரிதாகிவிடும். ஆகவே ஒரு கயிறு அறுத்தால் மடக்கு, மறு கயிற்றுக்குத் திரும்பவும் திற. சோம்பல் வேண்டாம். மடக்கும் போது அலகின் முதுகை உள்ளங்கையால் தள்ளுங்கள். விரல்கள் அலகு விழும் வழியில் இருக்கக் கூடாது. பூட்டு இல்லாத கத்தியால் எதையும் குத்தித் துளைக்கப் போக வேண்டாம். எதிர்ப்பு வந்தால் அலகு மடங்கி விரலிலேயே இறங்கும். துளை போடத்தான் தமர் இருக்கிறது, அதையும் பார்த்து மெதுவாக.

உரச் சாக்கையும் மருந்துப் பொட்டலத்தையும் பிரித்த அலகால் ரொட்டியோ பழமோ வெட்டக் கூடாது. சவர்க்காரம் போட்டுக் கழுவிய பின்தான் உறைக்குள் வைக்க வேண்டும். சாப்பாட்டுப் பைக்குள் கத்தியைப் போடுவதும் இதனாலேயே தவறு.

மழையும் துருவும்

நமது மலைநாட்டுப் பனியும் மழையும் இரும்புக்குப் பகை. தோல் உறை பார்க்க அழகாக இருக்கும். ஆனால் நனைந்தால் ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு கத்தியைத் துருப்பிடிக்கச் செய்யும். துணி உறை சீக்கிரம் காயும். எந்த உறையானாலும் நனைந்த நாளில் கத்தியை வெளியே எடுத்துத் துடைத்து, உறையை அடுப்பங்கரைப் பக்கம் தொங்கவிடுங்கள்.

தேயிலை வாது வெட்டிய அலகு கறுப்பதைக் கண்டிருப்பீர்கள். தேயிலையின் துவர்ப்புச் சத்து இரும்போடு சேர்வதால் வரும் கறை அது. துருப்பிடிக்காத உருக்கு அலகில் இது குறைவு. சாதாரண இரும்பு அலகை வேலை முடிந்ததும் கழுவித் துடைத்தால் போதும்.

மடிப்பில் தேங்காய் எண்ணெய் விடுவது நமது வழக்கம். ஆனால் சுமார் 24 பாகை வெப்பத்துக்குக் கீழே தேங்காய் எண்ணெய் உறைந்துவிடும் என்பதை நுவரெலியாப் பக்கத்தார் காலையில் எண்ணெய்ப் போத்தலைக் கவிழ்த்துப் பார்த்தே அறிவார்கள். கத்தியின் மூட்டுக்குள்ளும் அதே கதைதான். நாள்பட்டால் பிசினாகி அழுக்கையும் பிடிக்கும். தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு விட்டு, நான்கு தடவை திறந்து மூடித் துடையுங்கள். திறப்பதற்கு நகம் பெயர வேண்டிய கத்திதான் கடைசியில் கையை வெட்டும்.

இரவில் கத்தியின் இடம்

லயத்துக் காம்பராவில் இடம் கொஞ்சம், பிள்ளைகள் அதிகம். கட்டிலடியும் தலையணையடியும் கத்திக்கு இடமல்ல. மூடியுள்ள தகரப் பேணி ஒன்றை, பிள்ளை கதிரையில் ஏறினாலும் எட்டாத உயரத்தில் வையுங்கள். வீட்டுக்கு வந்ததும், முகம் கழுவுவதற்கு முன்பே, கத்தி அங்கே போய்விட வேண்டும். "எங்கேயோ வச்சேன், இப்பக் காணோம்" என்ற பேச்சு வீட்டில் வரக் கூடாது. பென்சில் சீவக் கத்தி கொடுத்துப் பிள்ளைகளைப் பழக்காதீர்கள். பள்ளிக்கூடப் பையில் கத்தி போகவே கூடாது.

கொண்டுபோகக் கூடாத நாட்கள்

கத்தியைக் கொண்டுபோகத் தெரிந்தவருக்கு, எப்போது வைத்துவிட்டுப் போவது என்றும் தெரிய வேண்டும். சம்பள நாள், திருவிழா, கலியாண வீடு, சாவு வீடு, மது நடமாடும் எந்த இடமானாலும் கத்தி பேணிக்குள் இருக்கட்டும். வாய்ச் சண்டை கைச் சண்டையாவது நமது லயங்களில் புதிதல்ல. கைச் சண்டையில் இடுப்பில் கத்தி இருந்தால் இரண்டு குடும்பம் நாசமாகும். ஒன்று சுடலைக்கும் மற்றது சிறைச்சாலைக்குமாக அலையும். வேலைக்கென்று வாங்கிய கருவிக்கு அந்தப் பழி வேண்டாம். பட்டணம் போகும் போதும், நீதிமன்றம், ஆஸ்பத்திரி, வாக்குச்சாவடி போகும் போதும் அது வேண்டாம். சோதனையில் அகப்பட்டு விளக்கம் சொல்லிக்கொண்டு நிற்பதால் யாருக்கு என்ன லாபம்?

வெளிநாட்டு வேலைக்குப் போகும் பிள்ளைகளுக்கு முக்கியமாகச் சொல்கிறோம். விமானத்தில் கையோடு கொண்டுபோகும் பையில் கத்தி வைக்க முடியாது. 2001 செப்டெம்பர் 11 சம்பவத்துக்குப் பிறகு இந்தச் சோதனை எல்லா நாடுகளிலும் கடுமையாகிவிட்டது. கண்டால் பறித்துவிடுவார்கள். தேவையென்றால் துணியில் சுற்றி, விமானக் கம்பனியிடம் ஒப்படைக்கும் பெரிய பெட்டிக்குள் வையுங்கள். திறப்புக் கோர்வையில் தொங்கும் சிறிய கத்தியையும் மறக்காமல் கழற்றுங்கள்.

வெட்டுப்பட்டால்

சிறு வெட்டு என்றால் சுத்தமான தண்ணீரும் சவர்க்காரமும் கொண்டு கழுவி, சுத்தத் துணியால் விடாமல் 10 நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். நடுவில் துணியை எடுத்துப் பார்க்க வேண்டாம். கோப்பித்தூள், மண், சாணி, மஞ்சள் எதையும் அப்பாதீர்கள். காயம் ஆழமாக இருந்தாலும், விரல் விறைத்தாலும், மடக்க முடியாவிட்டாலும் உடனே வைத்தியசாலைக்குப் போக வேண்டும். ஏற்பு வலி தடுப்பூசி கடைசியாக எப்போது போட்டீர்கள் என்று சொன்னால், மறுபடி தேவையா என்று அங்கே பார்ப்பார்கள். சின்னக் காயம் என்று விட்டு ஏற்பு வலி வந்தால் தப்புவது கடினம். கத்தி உடம்பில் குத்தி நின்றால் பிடுங்கக் கூடாது. அசையாமல் சுற்றிலும் துணி வைத்துக் கொண்டுபோங்கள். இரத்தம் நிற்காமல் ஓடினால் 1990 என்ற இலக்கத்துக்கு அழையுங்கள், சுவசெரிய அம்புலன்ஸ் இலவசமாக வரும்.

நினைவில் வைக்க

• தேவைக்கு மேல் பெரிய கத்தி வேண்டாம்.
• பின் பையும் கழுத்துக் கயிறும் கத்திக்கு இடமல்ல.
• உறை இல்லாமல் எந்தக் கத்தியும் வீட்டு வாசலைத் தாண்டக் கூடாது.
• ஒரு வேலை முடிந்ததும் மடக்கு.
• பகலில் உறை, இரவில் பேணி.

ஒரு விரல் வெட்டுப்பட்டால் ஒரு வாரப் பேர் போகும். கொழுந்து பறிக்கும் கைக்கு விரல்தானே முதல்? இந்த வாரமே ஒரு பழைய ஜீன்ஸ் துண்டை எடுங்கள். வீட்டில் தைக்கத் தெரிந்த ஒருவர் ஒரு மாலைப் பொழுதில் இதை முடித்துவிடலாம். பக்கத்து வீட்டுக்கும் ஒன்று தைத்துக் கொடுத்தால், அடுத்த பிரட்டில் உங்கள் வரிசையில் வெறும் கத்தியோடு யாரும் நிற்க மாட்டார்கள்.